சத்தம் வராம இருமுறது எப்படி? எந்த இருமலை மறைக்கவே கூடாது?

(எபிசோடில் பேசியது, வாசிப்பதற்காகச் சுருக்கித் திருத்தப்பட்டுள்ளது.)



2013 நவம்பர், சிகாகோ. மாலரோட ஒன்பதாவது சிம்ஃபனி கச்சேரி நடந்துட்டு இருக்கு. கண்டக்டர் மைக்கேல் டில்சன் தாமஸ். முதல் பகுதி முழுக்க அரங்கத்துல அங்கங்க இருமல் சத்தம். அந்தப் பகுதி முடிஞ்சதும் அவர் மேடையை விட்டு உள்ள போறார். திரும்பி வரும்போது கை நிறைய இருமல் மிட்டாய். அதை அப்படியே ஆடியன்ஸ் பக்கம் வீசுறார்.

நம்ம ஊர்ல யாரும் மிட்டாய் வீச மாட்டாங்க. திரும்பி ஒரு பார்வை பார்ப்பாங்க, அவ்வளவுதான். ஆனா அந்தப் பார்வை போதும். மார்கழி சபாவுல ஆலாபனை நடக்கும்போது, போட்டித் தேர்வு ஹால்ல, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல, பிரேயர் நேரத்துல, துக்க வீட்டுல... தொண்டைக்குள்ள அந்தக் குறுகுறுப்பு ஆரம்பிச்சதும் வேர்த்துடும். கொரோனாவுக்கு அப்புறம் மெட்ரோவுல ஒரு தடவை இருமினாலே பக்கத்து சீட் காலியாகுது.

அதனால இன்னைக்கு மூணு விஷயம். இருமல் எப்படி வருது? அமைதியான இடத்துல அதை எப்படிச் சமாளிக்கிறது? எந்த இருமலை மறைக்கவே கூடாது? டிப்ஸ் மட்டும் வேணும்னா நடுவுல இருக்கு. ஆனா மூணாவது பகுதியை ஸ்கிப் பண்ணிடாதீங்க. இந்த எபிசோடே அதுக்காகத்தான்.

இருமல் எப்படி வருது?

குரல்வளையிலயும் மூச்சுக்குழாயிலயும் நுண்ணிய நரம்பு முனைகள் இருக்கு. தூசி, சளி, அமிலம், புகை, ரொம்பக் குளிர்ந்த காற்று, இதுல எது பட்டாலும் அவை வேகஸ் நரம்பு வழியா மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பும். அங்கிருந்து வர்ற உத்தரவு மூணு கட்டமா நடக்கும். முதல்ல ஒரு இழுப்பு, காற்று உள்ள போகும். அடுத்து குரல்வளை மூடிக்கும். நெஞ்சுத் தசையும் வயிற்றுத் தசையும் அழுத்த, உள்ள அழுத்தம் ஏறும். இதுக்கு ஆகுற நேரம் கிட்டத்தட்ட 0.2 செகண்ட்தான். மூணாவதா குரல்வளை சடார்னு திறக்கும், காற்று பீறிட்டு வெளிய வரும். நமக்குக் கேக்குற சத்தம் அந்தப் பீறிடல்தான்.

இதுல ரெண்டு வகை இருக்கு. சாப்பிடும்போது புரை ஏறினா வர்றது ஒண்ணு. அதை யாராலயும் நிறுத்த முடியாது, நிறுத்தவும் கூடாது. இன்னொண்ணு குறுகுறுப்பு இருமல். இது சொல்லிட்டு வரும். முதல்ல ஒரு அரிப்பு, அப்புறம் 'இருமணும்'னு ஒரு உந்துதல், அதுக்கப்புறம்தான் இருமல். இந்த வகையில மூளையோட மேல்பகுதிக்கும் பங்கு இருக்கு. அதாவது ஓரளவுக்கு நம்ம கட்டுப்பாட்டுல இருக்கு. அரிப்புக்கும் இருமலுக்கும் நடுவுல கிடைக்கிற அந்தச் சில செகண்ட்லதான் நம்மளால ஏதாவது பண்ண முடியும்.

ஹெட்போன்ல கேக்குறவங்களுக்கு ஒரு கூடுதல் தகவல். வேகஸ் நரம்போட ஒரு கிளை காதுக்கும் போகுது. அர்னால்டு நரம்புன்னு அதுக்குப் பேரு. அதனால சிலருக்கு காது குடைஞ்சா இருமல் வரும். உங்களுக்கு அப்படி இருந்தா, இயர்பட்ஸை ஆழமா அழுத்தி வெச்சாலும் வரலாம். கொஞ்சம் வெளிய இழுத்துப் பாருங்க.

அமைதியான இடத்துல மட்டும் ஏன் இப்படி?

நம்ம கற்பனைன்னு நினைப்போம். இல்ல. 1980-ல ஜேம்ஸ் பென்னிபேக்கர்ங்கிற அமெரிக்க உளவியலாளர் இருமலைப் பத்தி ஒரு ஆய்வுக் கட்டுரை எழுதினார். கூட்டம் பெருசா இருந்தா இருமல் அதிகம். இருமுறவருக்குப் பக்கத்துல இருந்தா அதிகம். படம் போரடிக்கிற இடத்துல அதிகம், விறுவிறுப்பான இடத்துல கம்மி. கவனம் வெளிய இருந்தா தொண்டை ஞாபகம் வராது. கவனம் உள்ள திரும்பினா சின்ன அரிப்புகூடப் பெருசாத் தெரியும்.

2012-ல ஆண்ட்ரியாஸ் வாகனர்னு ஒரு ஜெர்மன் பொருளாதாரப் பேராசிரியரும் இதைப் பத்தி எழுதினார். கச்சேரி அரங்கத்துல ஜனங்க மத்த நேரத்தைவிட அதிகமா இருமுறாங்க, அதுவும் மெதுவான, மென்மையான பகுதிகள்லதான் அதிகமா இருமுறாங்கங்கிறது அவர் வாதம். சபாவுக்குப் போறவங்களுக்கு இது புதுசா இருக்காது. ஒருத்தர் இருமுவார், பின்னாடி வரிசையில இன்னொருத்தர் தொடருவார், பாட்டு முடிஞ்ச உடனே அரங்கமே தொண்டையைச் சரிபண்ணும்.

உடம்பு சார்ந்த காரணங்களும் இருக்கு. வெளிய டிசம்பர் பனி, உள்ள ஏசி. வறண்ட காற்று தொண்டையை உலர்த்தும். மூக்கடைப்புன்னா வாய் வழியா மூச்சு விடுவோம், இன்னும் உலரும். அதோட சபா கேன்டீன்ல ரெண்டு ரவா தோசை, மேல ஒரு டிகிரி காபி, உடனே போய் சீட்ல சாய்ஞ்சு உக்காந்தா, வயித்து அமிலம் மேல ஏறி தொண்டையைக் கிளறும். நெஞ்செரிச்சல் இல்லாமயே இப்படி வர்றவங்களும் உண்டு.

எல்லாத்துக்கும் மேல 'இருமக் கூடாது, இருமக் கூடாது'ங்கிற பயம். அது நம்ம முழுக் கவனத்தையும் தொண்டையிலயே கொண்டுபோய் வெக்கும்.

கிளம்பறதுக்கு முன்னாடி

பாதி வேலை வீட்டுலயே முடிஞ்சிடும்.

தண்ணி. உள்ள போறதுக்கு அரை மணி முன்னாடியில இருந்து கொஞ்சம் கொஞ்சமா குடிங்க. அனுமதி இருந்தா ஒரு சின்ன பாட்டில் கையில இருக்கட்டும். மூடி கழற்றும்போது கிளிக்குனு சத்தம் போடாத பாட்டிலா எடுத்துக்கோங்க.

மிட்டாய். விக்ஸோ, ஸ்ட்ரெப்சில்ஸோ, ஒரு துண்டு பனங்கற்கண்டோ, எதுவா இருந்தாலும் வேலை ஒண்ணுதான். எச்சில் ஊறும், விழுங்குவோம், தொண்டை ஈரமாகும். ஆனா பேப்பரை வீட்டுலயே பிரிச்சிடுங்க. மெதுவாப் பிரிச்சா சத்தம் வராதுன்னு நினைச்சு அஞ்சு நிமிஷம் கரகரன்னு பிரிக்கிறவங்களைப் பார்த்திருப்பீங்க. எரிக் கிரேமர், அலெக்சாண்டர் லாப்கோவ்ஸ்கின்னு ரெண்டு இயற்பியலாளர்கள் இதை ஆராய்ஞ்சிருக்காங்க. அந்தக் கசங்கல் சத்தம் தொடர்ச்சியான ஒலி இல்ல, தனித்தனி 'டிக்'குகள். மடிப்பு ஒவ்வொண்ணும் சட்டுனு வடிவம் மாறும்போது ஒரு டிக். மெதுவாப் பிரிச்சா டிக்கோட அளவு குறையாது, இடைவெளிதான் கூடும். அதனால ஒண்ணு முன்னாடியே பிரிச்சு ஒரு சின்ன டப்பாவுல போட்டுக்கோங்க, இல்ல கைதட்டல் நேரத்துல ஒரே இழுப்புல பிரிச்சிடுங்க.

பாட்டி வைத்தியத்துல அதிமதுரம் நல்லாவே வேலை செய்யும், தொண்டைக்கு இதமா இருக்கும். ஆனா பிபி உள்ளவங்க அடிக்கடி, அதிகமா சேர்க்க வேண்டாம். அது ரத்த அழுத்தத்தைக் கூட்டும், பொட்டாசியத்தைக் குறைக்கும். தேனும் நல்லது. சளி இருமலுக்கு பிரிட்டிஷ் மருத்துவ வழிகாட்டிகளே தேனைச் சொல்லுது. ஒரு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

சிரப்? பிரிட்டன்ல கார்டிஃப் நகரத்துல ஜலதோஷ ஆய்வு மையம் நடத்தின பேராசிரியர் ரான் எக்கிள்ஸ், இருமல் மருந்தால கிடைக்கிற நிவாரணத்துல பெரும்பகுதி மருந்தால வர்றது இல்ல, இனிப்பும் நம்பிக்கையும் சேர்ந்து தர்றதுன்னு எழுதியிருக்கார். அதோட பல சிரப் தூக்கம் வரவைக்கும். பரீட்சைக்குப் போற அன்னைக்கு முதல் தடவையா ஒரு புது சிரப்பைக் குடிக்காதீங்க. வீட்டுல குழந்தை இருந்தா, கடையில கேட்டு வாங்கின சிரப்பை நீங்களா கொடுக்கவே கொடுக்காதீங்க. 2025-ல மத்தியப் பிரதேசத்துல இருமல் சிரப் குடிச்ச குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. அந்த சிரப் தயாரானது நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்துல. அதுல டைஎத்திலீன் கிளைக்கால்ங்கிற விஷம் கலந்திருந்தது. அதுக்கப்புறம், ரெண்டு வயசுக்குக் கீழ இருமல், சளி மருந்து எழுதக் கூடாதுன்னு மத்திய சுகாதாரத் துறை மறுபடியும் அறிவுறுத்துச்சு.

சீட். ஓரத்து சீட்டா, கதவுக்குப் பக்கமா எடுங்க. எழுந்து போக வழி இருக்குன்னு தெரிஞ்சாலே பதற்றம் பாதி குறையும். ஏசி காற்று நேரா முகத்துல அடிக்கிற இடம் வேண்டாம். பெரிய காட்டன் கைக்குட்டை ஒண்ணு, ஒரு மாஸ்க். மாஸ்க் போட்டா உள்ள இழுக்குற காற்று கொஞ்சம் ஈரமாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும். சத்தமும் அமுங்கும், பக்கத்துல உள்ளவங்களுக்கும் பாதுகாப்பு.

பரீட்சை எழுதுறவங்க ஹால் டிக்கெட்ல உள்ள விதிகளைப் படிச்சிட்டு, உக்காந்த உடனே கண்காணிப்பாளர்கிட்ட "சார், எனக்கு இருமல் இருக்கு, தண்ணி வெச்சுக்கலாமா?"ன்னு கேட்டுடுங்க. நடுவுல கேக்குறதைவிட அது சுலபம்.

குறுகுறுப்பு ஆரம்பிச்ச அந்த நிமிஷம்

நாள்பட்ட வறட்டு இருமல் உள்ளவங்களுக்கு பேச்சு சிகிச்சை நிபுணர்கள் சொல்லிக்கொடுக்குற பயிற்சிகள் இருக்கு. 2006-ல ஆஸ்திரேலியாவுல ஆன் வெர்ட்டிகன் குழு 87 பேரை வெச்சு நடத்தின ஆய்வுல, மருந்து இல்லாம இந்தப் பயிற்சியாலயே இருமல் குறைஞ்சது. அந்த வகைப் பயிற்சிகளைத்தான் இங்க சொல்றேன்.

முதல்ல வாயை மூடுங்க. எச்சிலை அழுத்தமா ஒரு தடவை விழுங்குங்க. தண்ணி இருந்தா ஒரே ஒரு சின்ன மடக்கு, தாடையை லேசாக் கீழ இறக்கிக் குடிங்க. அண்ணாந்து குடிச்சா புரை ஏறி இன்னும் மோசமாகும்.

அடுத்து மூச்சு. இங்கதான் எல்லாரும் சொதப்புறோம். பயத்துல வாயைத் திறந்து பெருசா ஒரு இழுப்பு இழுப்போம். அது வறண்ட காற்றை நேரா அரிக்கிற இடத்துலயே கொண்டுபோய்ச் சேர்க்கும். அதோட, பெரிய இழுப்புதான் இருமலோட முதல் கட்டம்னு பார்த்தோம்ல. அதுக்குப் பதிலா சில செகண்ட் மூச்சை நிறுத்துங்க. அப்புறம் மூக்கு வழியா சின்னதா, மெதுவா இழுங்க. உதட்டைக் குவிச்சு, சூடான காபியை ஊதுற மாதிரி மெல்ல வெளிய விடுங்க. நாலஞ்சு தடவை. தோளைத் தளர்த்துங்க. உந்துதல் அலை மாதிரி ஏறும், ஒரு உச்சத்துக்குப் போகும், இறங்கிடும்.

தொண்டையைச் செருமாதீங்க. சத்தம் கம்மியா இருக்கேன்னு பத்து தடவை செருமுவோம். அது குரல்நாண்களை ஒண்ணோட ஒண்ணு உரசவெச்சு அரிப்பைக் கூட்டும். செருமணும்னு தோணும்போதெல்லாம் அதுக்குப் பதிலா விழுங்குங்க.

கவனத்தைத் தொண்டையில இருந்து நகர்த்துங்க. கச்சேரியில தம்புரா சுருதியைப் பிடிச்சுக்கோங்க, இல்ல கையில தாளம் போட ஆரம்பிங்க. ஆதி தாளத்துல எட்டு அட்சரம் எண்ணி முடிக்கிறதுக்குள்ள அலை இறங்கியிருக்கலாம்.

இதையும் மீறி வருதா? இருமிடுங்க. ஆனா நேரம் பார்த்து, அமுக்கி இருமுங்க. லண்டன்ல ராயல் ஃபெஸ்டிவல் ஹால்ல ஒரு காலத்துல நிகழ்ச்சிக் குறிப்புலயே இதை அச்சடிச்சுக் கொடுத்தாங்க. வாயை மூடாம இருமின ஒரு இருமலும், ஹார்ன் வாத்தியத்துல மிதமான பலத்துல வாசிச்ச ஒரு ஸ்வரமும் அவங்க அளவுல ஒண்ணுதான், ரெண்டும் சுமார் 65 டெசிபல். கைக்குட்டை வெச்சா ரொம்ப அமுங்கிடும்னு சொல்லியிருந்தாங்க. அதனால கைக்குட்டையை நாலா மடிச்சு வாயில அழுத்தி, தலையைக் குனிஞ்சு, மடிச்ச முழங்கைக்குள்ள இருமுங்க. உள்ளங்கையில வேண்டாம். அதே கையாலதான் அடுத்து கதவைத் தொடுவோம்.

நேரம்? கச்சேரியில பாட்டுக்குப் பாட்டு நடுவுல வர்ற கைதட்டல் இருக்கவே இருக்கு. அது வரைக்கும் தாங்காதுன்னா, தனி ஆவர்த்தனத்துல மிருதங்கமும் கடமும் உச்சத்துக்குப் போற இடம். ஆலாபனையில பாடகர் மேல் ஸ்தாயியில மெல்லிசா ஒரு ஸ்வரத்துல நிக்கிற நேரம் மட்டும் வேண்டாம். தியேட்டர்ல பிஜிஎம் நம்ம பக்கம். ஆன்லைன் மீட்டிங்னா மியூட் பட்டன்.

முழு இருமலை அடக்கி அடக்கி எட்டு அரை இருமலா விடுறதைவிட, ஒரு தடவை சரியா இருமிட்டு முடிக்கிறது பல நேரம் எல்லாருக்கும் நல்லது. தொடர்ந்து வருதுன்னா எழுந்து வெளிய போயிடுங்க. நீங்க குனிஞ்சு நடந்து போறது ரெண்டு நிமிஷத்துல எல்லாருக்கும் மறந்துடும்.

மறைக்கவே கூடாத இருமல்

இப்போ முக்கியமான பகுதி.

ஒண்ணு, புரை ஏறினது. ஹோட்டல்லயோ கல்யாணப் பந்தியிலயோ தொண்டையில ஏதாவது சிக்கினா, நாலு பேர் பார்க்குறாங்கன்னு வெக்கப்பட்டு தனியா பாத்ரூம் பக்கம் போறவங்க இருக்காங்க. தயவுசெஞ்சு போகாதீங்க. அங்க மூச்சடைச்சு விழுந்தா காப்பாத்த ஆள் இருக்காது. சத்தமா இருமுங்க, இருமல்தான் அங்க உயிர் காக்குற விஷயம். ஒருத்தரால இருமவும் முடியல, பேசவும் முடியல, கையைக் கழுத்துல வெக்கிறாருன்னா முழுசா அடைச்சிருக்குன்னு அர்த்தம். அவரை முன்னாடி குனியவெச்சு தோள்பட்டைகளுக்கு நடுவுல உள்ளங்கையோட அடிப்பகுதியால பலமா 5 தட்டு. போகலன்னா பின்னாடி நின்னு, தொப்புளுக்குக் கொஞ்சம் மேல முஷ்டியை வெச்சு, உள்ளேயும் மேலேயுமா 5 அழுத்து. மாத்தி மாத்தி செய்யுங்க, 108-க்கு ஒருத்தரைப் போன் பண்ணச் சொல்லுங்க.

ரெண்டு, சளியோட வர்ற இருமல். அது வெளிய வரணும். அடக்குற பயிற்சியெல்லாம் வறட்டு இருமலுக்கு மட்டும்தான். தும்மலையும் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தி அடக்காதீங்க. அப்படி அடக்கின ஒரு பிரிட்டிஷ் இளைஞரோட தொண்டைக்குள்ள கிழிஞ்சது, 2018-ல மருத்துவ இதழ்ல பதிவாகியிருக்கு.

மூணு, காய்ச்சலோட வர்ற இருமல். டிக்கெட் காசு போனாலும் பரவாயில்ல, வீட்டுல இருங்க.

நாலாவது, விடாத இருமல். பிஜியில, ஹாஸ்டல்ல, மேன்ஷன்ல தங்கியிருக்குற பல பேர் ராத்திரி தலையணைக்குள்ள முகத்தைப் புதைச்சு இருமுறாங்க. ரூம்மேட் தூக்கம் கெடுமேன்னு ஒரு காரணம். 'டிபியா இருக்குமோ'ன்னு யாராவது கேட்டுடுவாங்களோங்கிற பயம் இன்னொரு காரணம். ரூமைக் காலி பண்ணச் சொல்வாங்களோ, ஆபீஸ்ல தள்ளி வெப்பாங்களோன்னு வாரக்கணக்கா மறைப்பாங்க.

முதல்ல ஒரு ஆறுதல். சாதாரண சளிக்கு அப்புறம் வர்ற இருமல் ஒரு வாரத்துல போயிடணும்னு நாம நினைக்கிறோம். 2013-ல அமெரிக்காவுல பழைய ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தப்போ, சராசரியா கிட்டத்தட்ட 18 நாள் இருக்குதுன்னு தெரிஞ்சது. அதனால பத்தாவது நாள் இருமினா உலகம் முடிஞ்சு போயிடல, ஆன்டிபயாடிக் தேடி ஓடவும் வேண்டாம்.

ஆனா நாம இருக்குறது இந்தியாவுல. உலகத்துல டிபி வர்றவங்கள்ல கிட்டத்தட்ட நாலுல ஒருத்தர் இந்தியர். அதனால நம்ம தேசியத் திட்டத்தோட விதி ரொம்ப எளிமையானது: இருமல் 2 வாரத்தைத் தாண்டினா சளிப் பரிசோதனை பண்ணிடணும். பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணும் இருக்காது. இருந்தா சீக்கிரம் தெரிஞ்சிடும். ரத்தம் கலந்த சளி, சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி வேர்வை, காரணமில்லாம எடை குறையுறது, இதுல எது இருந்தாலும் 2 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல பரிசோதனை இலவசம், மாத்திரையும் இலவசம். சந்தேகம்னா 1800-11-6666, தேசிய காசநோய் உதவி எண்.

தள்ளி வெப்பாங்கன்னு பயப்படுறவங்களுக்கு நம்ம ஊர்க் கதை ஒண்ணு. ஒரு காலத்துல டிபின்னா ஊருக்கு வெளிய சானடோரியத்துல மாசக்கணக்கா வெச்சிருப்பாங்க. 1956-ல சென்னையில ஒரு ஆராய்ச்சி மையம் தொடங்கினாங்க. இன்னைக்கு சேத்துப்பட்டுல இருக்குற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். நோயாளிகள்ல ஒரு பகுதியைச் சானடோரியத்துலயும், இன்னொரு பகுதியை அவங்கவங்க வீட்டுலயும் வெச்சு ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தாங்க. வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. அவங்க குடும்பத்துல இருந்தவங்களுக்கும் அதனால கூடுதல் ஆபத்து வரல. ஏன்னா சரியான மருந்து ஆரம்பிச்சா தொற்று வேகமாக் குறைஞ்சிடும். பரவுற ஆபத்து அதிகமா இருக்குறது கண்டுபிடிக்கறதுக்கு முந்தின காலத்துலதான். உலகம் முழுக்க சானடோரியங்களை மூட வெச்சதுல இந்த சென்னை ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

யோசிச்சுப் பாருங்க, ரூம்மேட்டுக்காக இருமலை மறைக்கிறவர், அவர் பயப்படுற அந்த ஆபத்தைத்தான் நீட்டிக்கிறார். பரிசோதனை பண்ணிட்டா, வழக்கமா 6 மாசச் சிகிச்சையில பெரும்பாலானவங்க குணமாயிடுறாங்க.

டிபி இல்லன்னு வந்தும் இருமல் 8 வாரம் தாண்டுதா? ஆஸ்துமா, மூக்குல இருந்து தொண்டைக்கு இறங்குற சளி, அமில ஏற்றம், இந்த மூணும்தான் அடிக்கடி வர்ற காரணங்கள். அப்பா அம்மா பிபிக்கு ராமிபிரில், எனாலாபிரில் மாதிரி 'பிரில்'னு முடியுற மாத்திரை சாப்பிட்டு வறட்டு இருமலோட இருந்தா, அந்த மாத்திரையே காரணமா இருக்கலாம். நீங்களா நிறுத்தாதீங்க, டாக்டர்கிட்ட சொன்னா மாத்திக் கொடுப்பார்.

பக்கத்துல உள்ளவர் இருமினா

கடைசியா ஒண்ணு. அடுத்த தடவை உங்க வரிசையில யாராவது இருமினா திரும்பிப் பார்க்காதீங்க. பார்க்கப் பார்க்க அவங்களுக்கு இருமல் கூடும்னு இப்போ உங்களுக்கே தெரியும். டப்பாவுல பிரிச்சு வெச்ச மிட்டாய்ல ஒண்ணை நீட்டுங்க. ரூம்மேட் ரெண்டு வாரமா இருமுறாங்கன்னா, தள்ளிப் படுக்காம, "வா, நாளைக்குக் காலையில ஒரு டெஸ்ட் எடுத்துட்டு வந்துடலாம், நானும் வர்றேன்"னு சொல்லுங்க.

இந்த எபிசோடை அந்த ஒரு ஆளுக்கு ஃபார்வர்ட் பண்ணுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.